இளம் ஸ்பானியச் சிவப்பு ஒயின்: எந்த உணவுக்கு எந்தப் புட்டி?

ஸ்பானியச் சிவப்பு ஒயின் வாங்கப் போகிறவர்கள் ‘ரியோஹா’ என்ற பெயரைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். அது மோசமான தேர்வு அன்று. ஆயினும் அதே அலமாரியில், பெரிய விலை வேறுபாடின்றி, அரகோன் பகுதியின் கர்னாச்சா, லெயோன் மாகாணத்தின் மென்சியா, முர்சியாவின் மொனாஸ்த்ரெல் ஆகிய திராட்சைகளிலிருந்து வந்த இளம் ஒயின்களும் இருக்கின்றன. உணவோடு சேரும்போது இவை ஒவ்வொன்றும் வேறு வேறு குணம் காட்டுகின்றன. இன்றைய சமையலுக்கு இவற்றில் எதை வாங்குவது என்று தயங்குபவர்களுக்காக எழுதப்பட்டது இக்கட்டுரை. என் தரப்பை முன்பே சொல்லிவிடுகிறேன்: இளம் ஒயினைப் பொறுத்தவரை ஊரின் புகழையும் அறுவடை ஆண்டின் பெருமையையும் விட, தட்டில் இருக்கும் கொழுப்பும் உப்பும் புகைமணமுமே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

‘இளம்’ என்று இங்கே சொல்வது ஸ்பானியர்கள் ‘ஹோவென்’ என்று குறிப்பிடும் வகையை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பறித்த பழத்தை நொதிக்க வைத்து, ஓக் மரப்பீப்பாயில் இடாமல், அல்லது சில மாதங்கள் மட்டும் இட்டு, அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதற்காகச் செய்யப்படுவது அது. இதற்கு மேற்படியான ‘கிரியான்சா’ என்ற பெயரைப் பெற, சிவப்பு ஒயின் குறைந்தது 24 மாதம் முதிர வேண்டும்; அதில் 6 மாதமாவது ஓக் பீப்பாயில் கழிய வேண்டும். ரியோஹாவில் பீப்பாய்க் காலம் 12 மாதமாக உயர்கிறது. ஹோவென் என்பது முதிர நேரமில்லாமல் விற்கப்பட்ட கிரியான்சா என்று நினைப்பவர்கள் உண்டு. பழத்தின் மணமும் புத்துணர்ச்சியும் குறையாமல் மேசைக்கு வர வேண்டும் என்பதற்காகவே முதல் நாளிலிருந்து வேறு விதமாகச் செய்யப்படும் ஒயின் அது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருந்து இறங்கும் டானின்கள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. இறைச்சியோ பாலாடைக்கட்டியோ உடன் இருந்தால் டானினுக்குப் பற்றிக்கொள்ள வேறு புரதமும் கொழுப்பும் கிடைத்துவிடுகின்றன. உப்பும் கசப்பைத் தணிக்கிறது. ஆகவே தனியாகக் குடிக்கும்போது முரட்டுத்தனமாகத் தோன்றும் ஒயின் ஆட்டிறைச்சியோடு இணக்கமாகிவிடும். தனியாகக் குடிக்கும்போது இனிமையாக இருந்த ஒயின் அதே இறைச்சியோடு நீர்த்துப்போனதாகத் தோன்றும்.

இரண்டாவது புளிப்பு. எண்ணெயும் கொழுப்பும் நாவில் படிந்துவிடாமல் அடுத்த கவளத்துக்கு வாயைத் துலக்கித் தருவது அதுதான். தக்காளி சேர்ந்த உணவுக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் உணவின் புளிப்பை விடக் குறைந்த புளிப்புள்ள ஒயின் அங்கே சப்பென்று ஆகிவிடும்.

மூன்றாவது ஆல்கஹால். புட்டியில் ஒட்டிய சிட்டையின் ஒரு மூலையில் சிறு எழுத்தில் இருக்கும் இந்த எண்ணைப் பலர் படிப்பதே இல்லை. மிளகாயின் எரிவை ஆல்கஹால் தூண்டிவிடும். துவர்ப்பும் அதனோடு சேர்ந்தால் வாய் முழுவதும் காந்தும். காரமான உணவுக்கு 15 சதவீத ஒயினை ஊற்றிவிட்டு ஒயினைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அளவைக் கணக்கிடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: 750 மில்லி லிட்டர் புட்டியில் 12.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 94 மில்லி லிட்டர் தூய ஆல்கஹால் இருக்கிறது. 15 சதவீதம் என்றால் 112 மில்லி லிட்டருக்கும் மேல். ஒரே எண்ணிக்கையில் கோப்பைகள் காலியானாலும் உடலுக்குள் போவது ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

நான்காவது, மேசையில் எத்தனை வகை உணவு என்பது. ஒரே ஒரு இறைச்சி உணவுக்கு ஒயின் தேடுவது எளிது. சிறு சிறு தட்டுகளாக எட்டு வகை வரும் தாபாஸ் மேசைக்குத் தேடுவது கடினம். ஐந்தாவது, திறந்த புட்டி எத்தனை நாள் தாங்கும் என்பது. விலையை நான் கடைசியில்தான் வைக்கிறேன். ஸ்பெயினிலேயே வாங்கினால் இந்த வகைகளில் நல்ல புட்டி பல இடங்களில் 7 யூரோவுக்குள் கிடைத்துவிடும் என்பதால் அங்கே விலை பெரிய அளவுகோல் அன்று. வெளிநாட்டில் வாங்குபவர்களின் கணக்கு வேறு, அதைப் பின்னால் பார்க்கலாம்.

## ரியோஹாவின் தெம்ப்ரானியோ

எப்ரோ ஆற்றின் இரு கரையிலும் விரிந்து கிடக்கும் ரியோஹா, 1925ஆம் ஆண்டிலேயே பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்ற, அதாவது தன் பெயரை வேறிடத்து ஒயினுக்கு இட முடியாதபடி காத்துக்கொண்ட பகுதி. 1991இல் ஸ்பெயினின் மிக உயர்ந்த தகுதியான ‘தகுதிபெற்ற பிறப்பிடம்’ என்பதை முதலில் அடைந்ததும் இதுவே. இங்கே சிவப்புத் திராட்சை என்றால் பெரும்பாலும் தெம்ப்ரானியோதான். மிதமான துவர்ப்பு, மிதமான புளிப்பு, 13 முதல் 14 சதவீத ஆல்கஹால், செர்ரியும் பிளம்சும் கலந்த மணம் என எதிலும் எல்லை தாண்டாத குணம் இதற்கு. அந்த நடுநிலைதான் இதன் பலம்.

ஆனால் ‘இளம் ரியோஹா’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு ஒயின்கள் இருக்கின்றன என்பதைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் சொல்வதில்லை. ஒன்று, பழத்தைக் காம்பிலிருந்து பிரித்து நசுக்கி நொதிக்க வைப்பது. மற்றொன்று, குறிப்பாக எப்ரோவின் வடகரையில் கந்தாப்ரியா மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள ரியோஹா அலாவேசாவில் பழைய வழக்கமாகத் தொடர்ந்துவரும் முறை: குலைகளைப் பிரிக்காமல் முழுமையாகத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். அடியிலுள்ள பழம் நசுங்கி நொதிக்கத் தொடங்கியதும் எழும் கரியமில வாயு தொட்டியை நிரப்பிவிட, மேலே நசுங்காமல் இருக்கும் பழங்களுக்குள் ஈஸ்ட்டின் துணையில்லாமலேயே ஒருவகை நொதித்தல் நடக்கிறது. தோலின் நிறம் சாற்றில் இறங்குகிறது, மணம் பெருகுகிறது, துவர்ப்பு மட்டும் அதிகம் இறங்குவதில்லை. வாழைப்பழத்தையும் ஸ்ட்ராபெரியையும் நினைவூட்டும் மணத்தோடு வரும் இந்த ஒயினை 12, 13 பாகை செல்சியஸ் வரை குளிரவைத்தும் குடிக்கலாம். சிவப்பு ஒயின்களில் இப்படிக் குளிர்ச்சியைத் தாங்குபவை குறைவு.

உணவைப் பொறுத்தவரை, முதல் வகைக்கு ரியோஹாவின் சொந்தச் சமையலே சிறந்த துணை. சோரிஸோ சாசேஜும் உலர்ந்த சோரிசேரோ மிளகாயின் சதையும் சேர்த்து வேகவைக்கும் உருளைக்கிழங்குக் குழம்பில் கொழுப்பும் உப்பும் பிமென்டோன் என்னும் புகையூட்டிய மிளகாய்ப்பொடியின் மணமும் ஒன்றாக வருகின்றன. ஓக் மணம் கலக்காத தெம்ப்ரானியோ அவற்றோடு மோதாமல் நிற்கிறது. கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் வாட்டும் சிறு ஆட்டு விலா எலும்புத் துண்டுகளுக்கும் இதே பதில்தான். தக்காளியும் சிவப்புக் குடைமிளகாயும் சேர்த்துச் சமைக்கும் பக்காலாவோ என்னும் உப்பிட்ட காட் மீன் ஒரு விதிவிலக்கான வெற்றி: காட் மீனில் கொழுப்பு குறைவு என்பதால், எண்ணெய் மிகுந்த மீன்களோடு சிவப்பு ஒயின் சேரும்போது எழும் உலோகச் சுவை இங்கே எழுவதில்லை.

முழுக்குலை முறையில் செய்த ஒயின் தாபாஸ் மேசைக்கு உரியது. லொக்ரோன்யோ நகரின் லவுரெல் தெருவில் மாலை வேளையில் கடைக்குக் கடை நின்று ஒரு கோப்பையும் ஒரு சிறு தட்டுமாக நகரும் கூட்டம் எதிர்கொள்வது பூண்டெண்ணெயில் வாட்டிய காளான், பொரித்த உருளைக்கிழங்கு, முட்டைப் பொரியல், சாசேஜ் என்று ஒழுங்கில்லாத வரிசையை. கனமான ஒயின் அந்த வரிசையில் மூன்றாவது தட்டிலேயே களைப்பைத் தந்துவிடும். இந்த ஒயின் தராது.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முழுக்குலை ஒயினின் ஆயுள் குறைவு. அறுவடைக்கு அடுத்த கோடைக்குள் குடித்துவிடுவது நல்லது, எனவே தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று மூன்று ஆண்டு பழையதை வாங்குவது வீண். இரண்டாவது, புட்டியின் பின்புறச் சிட்டையைப் பற்றியது. ரியோஹாவில் கிரியான்சாவுக்குச் சிவப்பு, அதைவிட நெடுநாள் முதிர்ந்த ரெஸெர்வாவுக்கு அடர்சிவப்பு, அதனினும் முதிர்ந்த கிரான் ரெஸெர்வாவுக்கு நீலம் என்று நிறங்கள் உண்டு. இளம் ஒயினுக்கு உரியது பச்சை. ஆனால் முதிர்வுக் கால வகைப்பாட்டை ஏற்க விரும்பாத உற்பத்தியாளர்கள் பீப்பாயில் நெடுநாள் வைத்த, விலை மிகுந்த ஒயின்களையும் இதே பச்சைச் சிட்டையோடுதான் விற்கிறார்கள். பச்சையைப் பார்த்ததும் இளமை என்று முடிவு கட்டாமல், அறுவடை ஆண்டையும் விலையையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

## காம்போ தே போர்ஹாவின் கர்னாச்சா

2,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மொன்காயோ மலையின் சரிவில், சரகோசா மாகாணத்தின் மேற்குப் பகுதியில் உள்ளது காம்போ தே போர்ஹா. 1980 முதல் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்றது. எப்ரோ பள்ளத்தாக்கில் வடமேற்கிலிருந்து வீசும் சியெர்சோ என்ற வறண்ட காற்றுக்கும் மழைக்குறைவுக்கும் ஈடுகொடுத்து நிற்பது கர்னாச்சா. கம்பியில் படரவிடாமல் குட்டையான தனிச்செடியாக வளர்க்கப்பட்ட பழைய கொடிகள் இங்கே நிறைய மிஞ்சியிருக்கின்றன.

இந்தத் திராட்சையின் தோல் மெல்லியது, பழத்தில் சர்க்கரை எளிதில் ஏறும். அதன் விளைவு, நிறத்திலும் துவர்ப்பிலும் மென்மையாகவும் ஆல்கஹாலில் வலுவாகவும் இருக்கும் ஒயின்: பெரும்பாலும் 14 முதல் 15 சதவீதம். வாயில் பட்டவுடன் பழுத்த ஸ்ட்ராபெரியின் இனிமை போன்ற ஓர் உணர்வு எழுவதால் சிவப்பு ஒயினுக்குப் புதியவர்கள் பலரும் முதலில் விரும்புவது இதைத்தான். சர்க்கரை மிச்சமிருப்பதால் எழும் உணர்வு அன்று அது; பழ மணமும் ஆல்கஹாலும் சேர்ந்து தரும் தோற்றம்.

அரகோனின் புவிசார் குறியீடு பெற்ற தெர்னாஸ்கோ இளம் ஆட்டிறைச்சியை உருளைக்கிழங்கோடு அடுப்பில் மெதுவாக வாட்டினால், அதற்கு இதைவிடப் பொருத்தமான மலிவான ஒயினை நான் அறியேன். பழைய ரொட்டித் துணுக்குகளைப் பூண்டும் பன்றிக் கொழுப்பும் இட்டு வறுத்து, லோங்கனிஸா சாசேஜோடும் புதுத் திராட்சையோடும் உண்ணும் மிகாஸ் இன்னொரு நல்ல இணை. குடைமிளகாய், தக்காளி, ஹாமோன் என்னும் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைத் துண்டுகளோடு சமைக்கும் கோழிச் சிலின்த்ரோன் அதே ஊர் உணவுதான் என்றாலும், தக்காளியின் அளவு கூடக் கூடக் கர்னாச்சாவின் குறைந்த புளிப்பு வெளிப்பட்டுவிடும். உயரமான தோட்டத்துப் பழத்தில் செய்ததாக இருந்தால் தப்பிக்கலாம்.

இதன் மறைசெலவு வெப்பநிலை. கோடைக்கால அறையில் 24 பாகையில் ஊற்றினால் ஆல்கஹாலின் நெடி முன்னே வந்து பழத்தை மறைத்துவிடும். 15, 16 பாகைக்குக் கொண்டுவர அரை மணி நேரமாவது குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். தவிரவும் காற்றுப் பட்டால் விரைவில் தளர்ந்துபோகும் திராட்சை இது. திறந்த புட்டியை மறுநாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. இரண்டு பேர் மட்டுமே உள்ள வீட்டில் 15 சதவீதப் புட்டியை இரண்டு நாளில் முடிக்க வேண்டியிருப்பதும் ஒரு செலவுதான்.

## பியெர்சோவின் மென்சியா

சாந்தியாகோ யாத்திரைப் பாதையில் பொன்ஃபெர்ராதாவுக்கும் வில்லாஃபிராங்காவுக்கும் இடையே நடந்தவர்கள் பியெர்சோவின் திராட்சைத் தோட்டங்களைக் கடந்திருப்பார்கள். 1989இல் பாதுகாப்புப் பெற்ற இந்தப் பகுதி ஈரமான கலிசியாவுக்கும் வறண்ட காஸ்தீல் பீடபூமிக்கும் நடுவில் இருப்பதால் அட்லாண்டிக்கின் குளிர்ச்சி ஓரளவு எட்டுகிறது. 1999 வாக்கில் ஒயின் தயாரிப்பாளர் அல்வாரோ பலாசியோஸ் தன் உறவினர் ரிக்கார்தோ பெரெஸோடு சேர்ந்து இங்கே சரிவு நிலங்களில் வேலை தொடங்கிய பிறகே வெளியுலகம் மென்சியாவைத் தனித்துக் கவனிக்கத் தொடங்கியது.

நான்கில் உணவோடு மிக எளிதாகப் பழகுவது இதுதான் என்பது என் கணிப்பு. ஆல்கஹால் 12.5 முதல் 14 சதவீதம், துவர்ப்பு மெலிது, பூவையும் சிவப்புப் பெரிப் பழங்களையும் ஒத்த மணத்தின் பின்னால் லேசான மிளகு வாசனை. உப்பிட்டுப் புகையூட்டி உலர்த்திய லெயோன் மாட்டிறைச்சியான செசினாவின் மெல்லிய சீவல்களுக்கும், விறகுத் தணலில் சுட்டுத் தோலுரித்த குடைமிளகாய்க்கும் இது அளந்து வைத்தாற்போல் பொருந்துகிறது. பன்றியின் விலாவையும் வாலையும் பிமென்டோனும் பூண்டும் சேர்த்துக் குடலில் அடைத்துப் புகையூட்டி, கிழங்கோடும் கீரையோடும் வேகவைக்கும் பொத்தீயோ என்ற கனத்த குளிர்கால உணவோடும் பியெர்சோவில் இதையே குடிக்கிறார்கள். அதன் கொழுப்புக்கு ஈடாக நிற்பது ஒயினின் புளிப்பு. ஆலிவ் எண்ணெயும் பிமென்டோனும் தூவிய வேகவைத்த ஆக்டோபஸ் இன்னொரு எதிர்பாராத இணை. அதிலும் கொழுப்பு குறைவு என்பதால் பக்காலாவோவுக்குச் சொன்ன காரணமே இங்கும் பொருந்தும்.

குறை என்றால், தோட்டங்கள் சிறு துண்டுகளாகவும் பல சரிவாகவும் இருப்பதால் நல்ல மென்சியாவின் விலை மற்ற மூன்றையும் விடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். மலிவாகக் கிடைப்பவற்றில் சில நீர்த்துக் கசந்து வருவதும் உண்டு. நான்கில் ஏமாற்றம் தரும் வாய்ப்பு அதிகமுள்ளதும் இதுவே.

## ஹுமியாவின் மொனாஸ்த்ரெல்

முர்சியா, அல்பசேத்தே ஆகிய இரு மாகாணங்களில் பரவியுள்ள ஹுமியா, 1966இல் பாதுகாப்புப் பெற்றது. ஆண்டுக்கு 300 மில்லி மீட்டரளவே மழை பெய்யும் இந்தச் சுண்ணாம்பு நிலத்தில் தாங்கி நிற்கும் மொனாஸ்த்ரெல்தான் பிரான்சில் மூர்வேத்ர் என்று பெயர் பெறுகிறது. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி இங்கே பெருஞ்சேதம் விளைவித்தது 1989இல்தான். அதற்குப் பிறகும் ஒட்டுக் கட்டாத சொந்த வேரில் நிற்கும் பழைய கொடிகள் மணற்பாங்கான இடங்களில் எஞ்சியிருக்கின்றன. நெடுங்காலம் இந்த ஊர் ஒயின் பிற பகுதிகளின் மெலிந்த ஒயினுக்குத் திடம் சேர்க்க மொத்தமாக விற்கப்பட்டது. நிறம், ஆல்கஹால், துவர்ப்பு மூன்றும் மிகுந்த ஒன்றுக்கு அத்தகைய வேலை கிடைத்ததில் வியப்பில்லை.

முயலும் நத்தையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, தட்டை ரொட்டித் துண்டுகளை அதிலேயே ஊறவிட்டு உண்ணும் காஸ்பாச்சோ இந்த வட்டாரத்து உணவு. அந்தலூசியாவின் குளிர்ந்த தக்காளிச் சாற்றுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. காட்டு மூலிகை மணம் கொண்ட அந்தக் குழம்பை எதிர்கொள்ள இளம் தெம்ப்ரானியோவால் இயலாது, மொனாஸ்த்ரெல்லால் இயலும். உலர்ந்த மொச்சையைச் சோரிஸோ, ஹாமோன் எலும்பு ஆகியவற்றோடு வேகவைக்கும் மிச்சிரோனெஸ், சிவப்பு ஒயினில் ஊறவைத்த முர்சியா ஆட்டுப்பால் சீஸ், தணலில் சுட்ட தடித்த மாட்டிறைச்சி என்று பட்டியல் நீளும். பொதுவான விதி: நெடுநேரம் வெந்த, கொழுப்புள்ள, ஒற்றைப் பெரும் பாத்திர உணவு.

மறைசெலவு நேரம். புட்டியைத் திறந்தவுடன் மொனாஸ்த்ரெல்லின் மணம் மூடுண்டு கிடப்பதும், லேசான கந்தக வாடை வீசுவதும் உண்டு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் அகன்ற குடுவையில் ஊற்றி வைத்தால் அது அகன்றுவிடும். அவசரமாகச் சாப்பிட்டு எழும் வார நாள் இரவுக்கு இது உகந்ததன்று. ஆனால் அதே இயல்பால் காற்றையும் நன்றாகத் தாங்குகிறது: மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்றாம் நாளும் குடிக்கத்தக்கதாக இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | துவர்ப்பு | புளிப்பு | ஆல்கஹால் (சதவீதம்) | ஊற்றும் வெப்பநிலை (பாகை செ.) | திறந்தபின் | சிறந்த இடம் |
|---|---|---|---|---|---|---|
| தெம்ப்ரானியோ, காம்பு நீக்கியது | மிதம் | மிதம் | 13–14 | 15–16 | 2 நாள் | சோரிஸோ குழம்பு, தணல் ஆட்டிறைச்சி |
| தெம்ப்ரானியோ, முழுக்குலை | குறைவு | மிதம் | 12.5–14 | 12–14 | மறுநாள் வரை | பல தட்டுத் தாபாஸ் |
| கர்னாச்சா | குறைவு–மிதம் | குறைவு | 14–15 | 15–16 | மறுநாள் வரை | அடுப்பில் வாட்டிய இளம் ஆடு, மிகாஸ் |
| மென்சியா | குறைவு–மிதம் | மிதம்–அதிகம் | 12.5–14 | 13–15 | 2 நாள் | செசினா, சுட்ட குடைமிளகாய், ஆக்டோபஸ் |
| மொனாஸ்த்ரெல் | அதிகம் | மிதம் | 14–15 | 16–17 | 3 நாள் | முயல் குழம்பு, மாட்டிறைச்சி, ஆட்டுப்பால் சீஸ் |

## கூடுதல் விலை கொடுத்துக் கிரியான்சா வாங்கலாமா

225 லிட்டர் பீப்பாயில் அடங்குவது ஏறத்தாழ 300 புட்டி. அந்தப் பீப்பாயின் விலையும் அது கிடக்கும் காலமும் ஒவ்வொரு புட்டியின் மேலும் ஏறுகின்றன. ஸ்பெயினில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். வெளிநாட்டில் நிலைமை மாறுகிறது, ஏனெனில் போக்குவரத்துச் செலவும் தீர்வையின் பெரும்பகுதியும் ஒயினின் தரத்தைப் பார்ப்பதில்லை. மலிவான புட்டியின் விலையில் அவற்றின் பங்கு மிகுந்து, ஹோவெனுக்கும் கிரியான்சாவுக்கும் உள்ள இடைவெளி விகிதத்தில் சுருங்கிவிடும். பிரிட்டனில் 2025 பிப்ரவரி முதல் ஒயினின் தீர்வை ஆல்கஹால் அளவுக்கேற்பப் படிப்படியாக உயர்வதால், அங்கே வாங்குபவர்களுக்குக் கர்னாச்சாவும் மொனாஸ்த்ரெல்லும் மென்சியாவை விட அதிக வரிச்சுமையோடு வருகின்றன.

ஆயினும் விலை நெருங்கிவிட்டது என்பதற்காக மட்டும் கிரியான்சாவுக்குத் தாவ வேண்டியதில்லை. ரியோஹாவின் மரபில் பயன்படும் அமெரிக்க ஓக், வெனிலாவையும் தேங்காயையும் ஒத்த மணத்தைத் தருகிறது; வாட்டிய இறைச்சிக்கும் முதிர்ந்த மான்செகோ சீஸுக்கும் அது அழகு சேர்க்கும், குடைமிளகாய்க்கும் தக்காளிக்கும் காளானுக்கும் பாரமாகிவிடும். காய்கறி மிகுந்த மேசைக்கு ஹோவென்தான் சரியான ஒயின், அது மலிவாக இருப்பது கூடுதல் வசதி.

## நான்கும் உதவாத இடங்கள்

வினிகரில் ஊறிய நெத்திலி, உப்பிட்ட ஆஞ்சோவி, எண்ணெய் மிகுந்த மத்தி ஆகியவற்றோடு எந்தச் சிவப்பு ஒயினையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒயினிலுள்ள இரும்பு மீன் கொழுப்போடு வினைபுரிந்து வாயில் விடாத மீன்வாடையை உண்டாக்குகிறது. அங்கே ஹெரெஸ் நகரின் ஃபீனோ என்னும் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் சரியாக இருக்கும். எப்ரோ கரையின் பெருமையான ஆர்ட்டிசோக்கும் வெள்ளை ஆஸ்பரகஸும் இன்னும் சிக்கலானவை: முன்னது அடுத்து வரும் எதையும் இனிப்பாக்கிவிடும், பின்னது துவர்ப்பை உலோகமாக்கிவிடும். அக்காய்கறிகள் கலந்த மெனெஸ்த்ராவுக்கு நவார்ராவின் ரோஸ் ஒயினைக் குளிரவைத்து ஊற்றுவதே அனுபவம் உள்ளவர்கள் செய்வது. காரமான மிளகாய் தூக்கலாக இருக்கும் உணவுக்கும் சிவப்புதான் வேண்டும் என்றால், முழுக்குலை ரியோஹாவையோ 13 சதவீதத்தைத் தாண்டாத மென்சியாவையோ நன்றாகக் குளிரவைத்துக் கொடுக்கலாம். மற்ற இரண்டையும் தொட வேண்டாம்.

மேசைக்கு வரப்போகும் உணவு என்னவென்றே தெரியாமல் விருந்துக்குப் புட்டி எடுத்துச் செல்பவர்களுக்கு என் பதில் காம்பு நீக்கிய இளம் தெம்ப்ரானியோ. அது எதிலும் முதலிடம் பெறாது, எதையும் கெடுக்கவும் செய்யாது. உணவு தெரிந்திருந்தால், அதிலும் ஒரே உணவாக இருந்தால், ரியோஹாவை விட்டுவிட்டு ஆட்டுக்குக் கர்னாச்சா, மாட்டுக்கும் முயலுக்கும் மொனாஸ்த்ரெல், புகையூட்டியதற்கு மென்சியா என்று போகலாம். புட்டியில் மிஞ்சியது மறுநாள் தளர்ந்துவிட்டால் கொட்ட வேண்டாம்: ஸ்பானியர்கள் கோடையில் செய்வதுபோல் பனிக்கட்டியும் எலுமிச்சைத் துண்டும் இட்டு, இனிப்பூட்டிய சோடாவைச் சரிபாதி சேர்த்தால் அது தீந்தோ தே வெரானோ. அதற்குத் துவர்ப்பு குறைந்த கர்னாச்சாவே பொருத்தம். மிஞ்சிய மொனாஸ்த்ரெல்லைக் குழம்பில் ஊற்றிவிடலாம்.